நிழலிலிருந்து பொருள்: சி.டி. ஸ்கேன் வந்த வழியும் அதை எப்போது கேட்க வேண்டும் என்பதும்

எங்கள் பக்கத்தில் யாராவது பைக்கிலிருந்து விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தால் முதல் கேள்வி, "எங்க அடி?" இரண்டாவது கேள்வி, "ஸ்கேன் எடுத்தாச்சா?" சேந்தமங்கலத்துக்கு ஒரு பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொரு பக்கம் புதன்சந்தையில் போய்ச் சேர்ந்தால் சேலம் - நாமக்கல் நாலுவழிச் சாலை. அதனால் இந்தக் கேள்விக்கு ஊரில் ஓய்வே இல்லை. எக்ஸ்ரே என்றால் கை கால் எலும்பு, ஸ்கேன் என்றால் தலை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் அந்த வட்டமான மெஷின் எதைப் பார்க்கிறது, எப்படிப் பார்க்கிறது, அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, "எடுத்துட்டா நிம்மதி". இன்னொன்று, "அதெல்லாம் எடுத்தா கேன்சர் வரும்". இரண்டுமே முழு உண்மை இல்லை. இந்த மெஷினின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்பது புரியும். அந்த வரலாற்றில் நம்ம ஆட்களின் கணக்கு ஒன்றும் இருக்கிறது.

ஸ்கேன் இல்லாத காலம்

ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895 நவம்பரில். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934லேயே வந்துவிட்டது. ஆனால் தலை விஷயத்தில் எக்ஸ்ரேவுக்கு ஒரு பெரிய குறை. மண்டை ஓடு தெரியும், உள்ளே இருக்கும் மூளை தெரியாது. மூளை, ரத்தம், நீர் எல்லாம் எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி. சுற்றி இருக்கும் எலும்பின் நிழல் வேறு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அதனால் மருத்துவர்கள் சுற்றுவழியில் போனார்கள். 1919ல் வால்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி, அது மூளையின் அறைகளுக்குள் ஏறியபின் எக்ஸ்ரே எடுத்தார். காற்று எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, கட்டி எங்கே தள்ளுகிறது என்று ஊகிக்க வேண்டும். நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். 1927ல் எகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுக்கீசியர் கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்திக் குழாய்களைப் படம் பிடித்தார். இதிலும் ஊகம்தான்: குழாய் வளைந்திருந்தால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியது 1949ல். சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கியது 1950ல். அப்போது சேந்தமங்கலம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல்தான். இங்கே ஒருவர் மரத்திலிருந்து விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிந்தால், வேலூரோ சென்னையோ போய்ச் சேர்வதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். போய்ச் சேர்ந்தாலும் எந்தப் பக்கம் ரத்தம் கட்டியிருக்கிறது என்பதைக் கண்ணின் பாவையைப் பார்த்தும் கைகால் அசைவைப் பார்த்தும்தான் முடிவு செய்ய வேண்டும்.

தென்னந்தோப்பும் நிழலும்

ஒரு தென்னந்தோப்பை வெளியே நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகக்கூடாது. ஒரு பக்கம் நின்று நேர்கோட்டில் பார்த்தால், இந்தக் கோட்டில் எத்தனை மரம் மறைக்கிறது என்று மட்டும் சொல்லலாம். மரம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆனால் தோப்பைச் சுற்றி நடந்து, எல்லாத் திசையிலிருந்தும் எல்லாக் கோட்டையும் எண்ணிக் குறித்துக்கொண்டால்? ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தே வரைபடம் போடலாம். சி.டி. ஸ்கேனின் அடிப்படை இவ்வளவுதான். மரத்துக்குப் பதில் திசு, பார்வைக்குப் பதில் எக்ஸ்ரே.

"போடலாம்" என்பதைக் கணிதத்தில் நிரூபித்தவர் யோஹான் ராடோன் என்ற ஆஸ்திரியர், 1917ல். அவருக்கு மருத்துவத்தோடு எந்த சம்பந்தமும் இல்லை. கட்டுரை பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

1956ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஆலன் கார்மாக் என்ற இயற்பியலாளர், குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களை மேற்பார்க்கும் பகுதிநேர வேலைக்குப் போனார். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது உடம்புக்குள் எந்த இடம் எவ்வளவு கதிரை உறிஞ்சும் என்று தெரியாமலே கொடுக்கிறார்களே என்று அவருக்குத் தோன்றியது. ராடோனைத் தெரியாமலே அதே கணக்கைத் தானாகப் போட்டு 1963லும் 1964லும் வெளியிட்டார். அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதே சமயம் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர், கார்மாக்கைத் தெரியாமல் அதே யோசனைக்கு வந்தார். அவருடைய முதல் சோதனையில் ஒரு பொருளைச் சுற்றி அளந்து முடிக்க 9 நாள் ஆனது. எக்ஸ்ரே குழாய் வைத்ததும் 9 மணி நேரமானது. கடைசியில் 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனில் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியல் மருத்துவரோடு சேர்ந்து, ஒரு பெண்ணின் தலையை ஸ்கேன் செய்தார்கள். வந்த படம் 80க்கு 80 கட்டம்தான். இன்றைய போனில் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் மூளையின் முன்பகுதியில் இருந்த கட்டி அதில் தெரிந்தது. மண்டையைத் திறக்காமல், காற்று ஏற்றாமல், ஊகிக்காமல்.

இ.எம்.ஐ. என்றதும் பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற காசில்தான் சி.டி. ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை சுற்றும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 2012ல் கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள், இ.எம்.ஐ. போட்டதைவிட பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை போட்ட பணம்தான் அதிகம் என்று காட்டினார்கள். பொதுப் பணத்தில் வந்த மெஷின் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன்

அதே 1971. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன். பூர்வீகம் கோபாலசமுத்திரம், பிறந்தது 1922ல் எர்ணாகுளத்தில், சி.வி. ராமனின் மாணவர். 1952ல் முப்பது வயதுகூட ஆகாத அவரைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கண்டுபிடித்தது அங்கேதான். 1963ல் வந்த "ராமச்சந்திரன் வரைபடம்" இன்றைக்கும் உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

அவருடைய தொழிலே எக்ஸ்ரே விட்டுப்போன தடயத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் உருவத்தைச் சொல்வது. அதனால் இந்தக் கேள்வி அவருக்கு இயல்பாக வந்தது. அந்த வருடம் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், "நிழலிலிருந்து பொருளை மீட்டெடுத்தல்". தொடர்ந்து ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1971 செப்டம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியின் இதழில் வந்தது. விம்பிள்டனில் முதல் நோயாளியைப் படுக்க வைத்ததற்குச் சில வாரம் முன்னால்! இரண்டுக்கும் தொடர்பு கிடையாது.

அவர்கள் செய்தது என்ன? எல்லாத் திசையிலிருந்தும் வந்த நிழலை வந்த வழியே திருப்பி இழுகினால் ஒரு படம் வரும். ஆனால் மங்கலாக வரும், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் புகை படர்ந்த மாதிரி. அதைச் சரிசெய்ய அதுவரை ஃபூரியர் உருமாற்றம் என்ற கனமான கணக்கு தேவைப்பட்டது. அந்தக் கால கணினிக்கு அது பெரிய சுமை. இவர்கள் சொன்ன வழி எளிது. திருப்பி இழுகுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் கூர்மையாக்கிவிடு. எப்படி? வரிசையில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும், பக்கத்து அளவுகளில் ஒன்று விட்டு ஒன்றை எடுத்து, தூரத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும் ஒரு பங்கைக் கழித்துவிடு. வெறும் பெருக்கலும் கழித்தலும். எல்லா நிழலும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்று வந்ததும் அதைச் சரிசெய்ய ஆரம்பிக்கலாம்.

ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் மெஷின் இந்த வழியில் போகவில்லை. அது 28,800 அளவுகளை எடுத்து, சமன்பாடுகளாக வைத்து, திரும்பத் திரும்பத் திருத்திப் படத்தை எட்டியது. ஆனால் அடுத்தடுத்து வந்த மெஷின்கள் வேகத்துக்காக வடிகட்டித் திருப்பி இழுகும் வழிக்கே வந்துவிட்டன. அந்த வடிகட்டியின் பெயரே இன்று வரைக்கும் "ராம்-லாக்". ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் பெயர்களின் முதல் பாதி. பொறியியல் கல்லூரியில் பிம்ப மீட்டுருவாக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும். அது யார் என்பது பலருக்குத் தெரியாது.

1979ல் மருத்துவ நோபல் கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. இதை வைத்து, "சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தது தமிழன், நோபலைத் தட்டிப்பறித்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும். அது சரியில்லைங்க. இதே மாதிரி வழியை 1967லேயே பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் வானொலி வானியலுக்காகப் போட்டிருந்தார்கள். மெஷினைக் கட்டி நோயாளியைப் படுக்க வைத்தவர் ஹவுன்ஸ்ஃபீல்ட். நம்மவர்கள் செய்தது, அந்த மெஷின் குடும்பம் பல பத்தாண்டுகள் ஓடிய கணக்கை எளிமையாக எழுதிக் கொடுத்தது. அதுவே பெரிய விஷயம். கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

படத்தில் இருப்பது எண்கள்

சி.டி. படம் போட்டோ அல்ல, எண்களின் பட்டியல். தண்ணீருக்கு 0, காற்றுக்கு கழித்தல் 1000, கெட்டி எலும்புக்கு 1000 அளவில். இதற்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். மூளைத் திசு 20லிருந்து 40க்குள். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50லிருந்து 80 வரை. இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் பழைய எக்ஸ்ரே காட்ட முடியாமல் தவித்தது. தலையில் அடிபட்டவரின் படத்தில் ரத்தம் வெள்ளையாகத் தெரிவதும், சில நிமிடத்தில் "ஆபரேஷன் வேணும்" அல்லது "வேண்டாம், பார்க்கலாம்" என்று சொல்ல முடிவதும் இதனால்தான். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுப்பதும் இதற்கே. ரத்தக் கசிவு இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் ஆளே போய்விடுவார்.

விலை என்ன?

விலை கதிர்தான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயற்கையாகவே கதிர் படுகிறது. உலக சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு தலை ஸ்கேன் சுமார் 2. அதாவது ஏறக்குறைய ஒரு வருட இயற்கைக் கதிர், சில நொடியில். நெஞ்சு ஸ்கேன் சுமார் 7, வயிறு ஸ்கேன் 8லிருந்து 10. மெஷினையும் அமைப்பையும் பொறுத்துக் கூடும், குறையும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிரே கிடையாது.

இதனால் என்ன ஆகும்? பிரிட்டனில் சிறுவயதில் ஸ்கேன் எடுத்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2012ல் வெளியான ஆய்வின் கணக்கு இது. பத்து வயதுக்கு உட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்து வருடத்தில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம். வகைக்கு 10,000ல் ஒன்று. தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போட இது காரணமே இல்லை. ஆனால் தேவையில்லாத ஸ்கேனுக்கு அந்த ஒன்றும் அதிகம்தான், ஏனென்றால் எதிர்ப்பக்கத் தட்டில் எதுவுமே இல்லை.

மெஷின் ஆட்களிடமும் கவனம் வேண்டும். 2009ல் லாஸ் ஏஞ்சலிஸில் சீடர்ஸ்-சினாய் என்ற பெரிய மருத்துவமனையில், மூளை ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேனின் அமைப்பைத் தவறாக மாற்றி வைத்ததில், 200க்கும் மேற்பட்டவர்கள் பல மடங்கு கதிர் வாங்கினார்கள். ஒன்றரை வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நோயாளிக்கு முடி கொட்டிய பிறகே வெளியே வந்தது. நம் நாட்டில் சி.டி. மெஷின் இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயம்.

25க்கு எத்தனை?

2021 ஏப்ரல், மே மாதங்கள் ஞாபகம் இருக்கும். கொரோனா இரண்டாம் அலை. ஊருக்குள் ஒருவரை ஒருவர் "25க்கு எத்தனை?" என்று கேட்டுக்கொண்டார்கள். நெஞ்சு ஸ்கேனில் நுரையீரல் பாதிப்புக்குக் கொடுக்கும் மதிப்பெண் அது. லேசான காய்ச்சல்காரர்கள்கூட வரிசையில் நின்று எடுத்தார்கள். அந்த மே மாதத் தொடக்கத்தில் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, ஒரு நெஞ்சு ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்ரேவுக்குச் சமம், லேசான நோய்க்கு எடுக்காதீர்கள் என்றார். இந்தியக் கதிரியல் மருத்துவர்கள் சங்கம் உடனே மறுத்தது: இன்றைய மெஷின்களில் 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது.

இரண்டு பேரும் படித்தவர்கள், எப்படி இவ்வளவு வித்தியாசம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான நெஞ்சு ஸ்கேன் 7 என்றும், ஒரு எக்ஸ்ரே 0.02 என்றும் வைத்தால் 350 வரும். குறைகதிர் ஸ்கேன் 0.5லிருந்து 1 என்றும், எக்ஸ்ரே 0.1 என்றும் வைத்தால் 5லிருந்து 10 வரும். எக்ஸ்ரேவுக்கு இந்த இரண்டு அளவுமே புழக்கத்தில் உள்ளவை. ஆக, "எத்தனை எக்ஸ்ரேக்குச் சமம்" என்பது நல்ல அளவுகோல் அல்ல. எந்த மெஷின், எந்த அமைப்பு என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஆனால் குலேரியா சொன்ன இன்னொரு விஷயம் அந்தச் சண்டையில் அமுங்கிப்போனது. அறிகுறியே இல்லாத கொரோனாக்காரர்களுக்கும் ஸ்கேனில் திட்டுகள் தெரியும், அவை சிகிச்சை இல்லாமலே மறையும் என்றார். அப்படியென்றால் அந்தப் படம் சிகிச்சையை மாற்றவில்லை, பயத்தை மட்டும் கூட்டியது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சொன்ன எண் அதைவிட உபயோகமாக இருந்தது.

யாருக்கு எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தலையில் அடிபட்டு வந்த 42,412 குழந்தைகளைப் பற்றி 2009ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அவர்களில் 14,969 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மொத்தக் குழந்தைகளில் கவலைப்பட வேண்டிய மூளைக் காயம் இருந்தது 376 பேருக்கு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு. எந்த அறிகுறிகள் இல்லாத குழந்தையை ஸ்கேன் இல்லாமலே கவனித்து அனுப்பலாம் என்று அதிலிருந்து விதி வகுத்தார்கள். பெரியவர்களுக்கு 2001லேயே கனடாவில் ஒரு விதி வந்தது. அடிபட்டபின் நினைவு தப்பியவரோ குழம்பியவரோ, இரண்டு தடவையோ அதற்கு மேலோ வாந்தி எடுத்தால், 65 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், இரண்டு மணி நேரமாகியும் முழுத் தெளிவு வராவிட்டால், மண்டை எலும்பு உடைந்த அடையாளம் இருந்தால், உடனே ஸ்கேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் இந்த விதிக்கே வெளியே. அவருக்கு இன்னும் கவனம் வேண்டும்.

அதனால் வண்டியில் விழுந்தவர் வாந்தி எடுக்கிறார், உளறுகிறார் என்றால் கதிர், காசு என்று யோசிக்கிற நேரமே இல்லை, ஓட வேண்டியதுதான். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. 2022 ஜனவரியிலிருந்து நாமக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எங்கள் பெரியம்மா கதை வேறு மாதிரி. வருடக் கணக்கில் ஒற்றைத் தலைவலி. ஒரே வருடத்தில் மூன்று இடத்தில் மூன்று தலை ஸ்கேன். மூன்றிலும் ஒன்றுமில்லை. "பழைய படத்தைக் காட்டலையா பெரியம்மா?" என்று கேட்டேன். "அது அங்க எடுத்தது கண்ணு, இங்க செல்லாதுன்னுட்டாங்க" என்றார். பேங்க் செக் மாதிரி! எண்கள் எங்கே எடுத்தாலும் எண்கள்தான். படம் தரமில்லாமல் இருந்தாலோ, நிலைமை மாறியிருந்தாலோ திரும்ப எடுக்கலாம். கட்டடம் மாறியது காரணம் ஆகாது.

டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை, மரியாதையாகக் கேட்கலாம். இந்தப் படம் வந்தால் வைத்தியம் மாறுமுங்களா? அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமுங்களா? குழந்தைக்குத் தகுந்த மாதிரி கதிரைக் குறைத்து வைப்பாங்களா? கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, முன்னால் சாய ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ கேட்காமலே முதலில் சொல்லிவிட வேண்டும். பிலிமை மட்டும் வாங்கி வராமல், சி.டி. தட்டையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி வீட்டில் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. ஹவுன்ஸ்ஃபீல்ட் கைவிடப்பட்ட வழி, அதாவது திரும்பத் திரும்பத் திருத்திப் படத்தை எட்டும் கணக்கு, கணினிகள் வேகமானதும் 2009ஐ ஒட்டிப் புதிய மெஷின்களில் திரும்பி வந்துவிட்டது. காரணம், குறைந்த கதிரிலும் அது தெளிவான படம் தருகிறது. குறைந்த நிழலிலிருந்து நிறையப் பொருளை மீட்பது என்ற 1971ன் கேள்வி இன்னும் முடியவில்லை. மெஷின் பக்கத்தில் அதை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பெரியம்மாவின் மூன்று கவரையும் ஒரே பையில் போட்டு வைப்பது நம்ம வேலை.